பஹ்ரைன் எடுக்கிற இடம்

"தமிழு, எந்த சிம்முல பஹ்ரைன் நல்லா எடுக்கும்?"

காவேரி அக்கா இதைக் கேட்டபோது நாங்கள் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் நின்றிருந்தோம். எனக்குப் பதில் தெரியாது. எங்கள் ப்ளாக்கில் எல்லோருடைய ஃபோனுக்கும் ரீசார்ஜ் போட்டுத் தருகிறவள் நான் என்பதால், நெட்டு சம்பந்தமாக எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு பேச்சு இருந்தது. தெரியாது என்று சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டிவரும். அதற்குப் பயந்து, வாயில் வந்த ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டேன். மறுநாளே அக்கா அந்தக் கம்பெனிக்கு மாறிவிட்டாள்.

பஹ்ரைனில் இருந்தது நந்தகுமார். பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்துக்காரர், படகு எஞ்சின் பிரித்துச் சேர்ப்பதில் கெட்டிக்காரர். அந்தப் பக்கத்து வேளாங்கண்ணி கோயில் கொடியேற்றத்துக்குப் போன கூட்டத்தில் காவேரி அக்காவின் செருப்பு அறுந்து, அதை இவர் சட்டைப் பையிலிருந்த ஒயரால் கட்டிக் கொடுத்தார். அங்கே ஆரம்பித்தது. பிறகு பஹ்ரைனில் ஒரு படகுப் பட்டறையில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது, கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றுதான் சொன்னார். காவேரி அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை அவர் வாயிலிருந்து வாங்கத்தான் இத்தனை பாடும்.

அக்காவுக்கு தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்பக்கப் படிக்கட்டில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வீடியோ கால் போடுவாள். அவரும் எடுத்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. பட்டறைச் சூடு, சாப்பிட்ட ரொட்டி, முதலாளி வளர்க்கிற பூனை எல்லாம் கணீரென்று வரும். பூனை எப்படிக் கத்தும் என்றுகூடக் கத்திக் காட்டியிருக்கிறார். "எங்கம்மா கேக்குது, எப்ப பேச வர்றீங்க?" என்று அக்கா கேட்பாள். அந்த நிமிஷம் படம் நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடி, கண் ஓரமாக எங்கேயோ பார்த்தபடி நிற்பார். கொஞ்ச நேரத்தில் லைன் கட்டாகும். நெட்டு போச்சு என்று பின்னாலேயே செய்தி வரும், வருத்தப்படுகிற ஒரு பொம்மை முகத்தோடு.

தி.நகர் கூட்டம்தான் காரணம் என்று அக்கா முடிவு செய்தாள். புடவை எடுக்க வருகிற ஒவ்வொருத்தியும் அதைப் படம்பிடித்து ஊரிலிருக்கிற மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லோருக்கும் அனுப்புகிறாள், அவ்வளவு பட்டும் ஒரே காற்றில் போனால் பஹ்ரைனுக்கு எங்கே வழி என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனால் பேச்சை வீட்டுக்கு மாற்றினாள்.

எங்கள் ப்ளாக் சாந்தோம் கடற்கரையில் இருக்கிறது. கடலைப் பார்த்த பக்கம் காற்று வரும், சிக்னல் வராது. அக்காவின் அப்பா பக்கிரி மாமா, இதில் தான் இறங்கினால்தான் ஆகும் என்று இறங்கினார். பஹ்ரைன் கடலுக்கு அந்தாண்டை இருக்கிறது, ஆகவே ஃபோனைக் கடல் பக்கம் நீட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. அது வேறு கடல், நம் முதுகுப் பக்கம் இருக்கிறது என்று நான் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அக்கா அவரிடம் சொன்னாள். மாமா திரும்பி நின்று, ஊருக்குள்ளே தெரிகிற கட்டடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மைலாப்பூர், வடபழனி, போரூர்னு அம்மாந்தூரம் தாண்டி வரணும்" என்றார். "அதான் லேட்டாவுது."

மாமா விடவில்லை. கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டு எங்கே என்று கண்டுபிடிக்க, கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அதே மாதிரி மொட்டைமாடியில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். சாந்தோம் கோயில் ஊசிக்கோபுரமும் அதற்கு அப்பால் ஒரு அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றோடொன்று மறைகிற ஓர் இடத்தில் சிக்னல் கோடுகள் முழுசாக ஏறின. மாமா அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். பஹ்ரைன் எடுக்கிற இடம் என்று அதற்குப் பேரும் வைத்தார். அன்றிலிருந்து அந்த வட்டத்தின்மேல் யாரும் வற்றல் காயப்போடக் கூடாது என்று உத்தரவு.

வட்டம் வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. துபாய் பேசுகிறவர்கள், சிங்கப்பூர் பேசுகிறவர்கள், திருவொற்றியூரில் இருக்கிற தங்கச்சியோடு சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் வந்து அதற்குள் நின்று பேசினார்கள். காவேரி அக்காவும் நின்றாள். பூனை வந்தது, பட்டறை வந்தது. எப்ப வர்றீங்க என்றதும் படம் நின்றது.

பிறகு ஒரு டாங்கிள் வாங்கினாள். உள்ளே சிம் போட்டால் வைஃபை கொடுக்கிற சின்ன டப்பா. இருந்த இடத்தில் சூடாகிக்கொண்டே இருக்கும். பக்கிரி மாமா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூங்கில் நுனியில் கட்டி வட்டத்துக்குப் பக்கத்தில் நட்டார். காக்கா அதைக் கொத்திக்கொண்டு போகப் பார்த்ததைத் தவிர அதனால் புதிதாக எதுவும் நடக்கவில்லை.

அதற்கும் பிறகு, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது, அங்கே வைஃபை சும்மா கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வைஃபை சும்மாதான், காபிதான் சும்மா இல்லை. ஏசியில் நடுங்கிக்கொண்டு ஒரே காபியை இரண்டு பேரும் ஆறவைத்து ஆறவைத்துக் குடித்தோம். நந்தகுமார் முகத்தில் இருந்த மரு வரைக்கும் தெரிந்தது. அக்காவின் புதுத் தோடு நன்றாயிருக்கிறது என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, தோடு மாட்டிவிட ஆள் எப்ப வரும் என்றாள். அவர் சிரித்த முகமாகவே நின்றுவிட்டார்.

"பெரிய கடைன்னு பேரு. சிரிக்கிறப்ப நிக்குது பாரு நெட்டு" என்று அக்கா கடைக்காரப் பையனுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்தாள். நானும் அவளோடு சேர்ந்து கடையைத்தான் திட்டினேன், மனசுக்குள்.

கடைசியாக எஸ்தர் அக்காவின் ஃபைபர். எங்கள் ப்ளாக்கில் மூன்றாவது மாடியில் இருக்கிற எஸ்தர் அக்கா, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தையல் சொல்லிக் கொடுக்கிறார். அதனால் வீட்டுக்கே கண்ணாடி ஒயர் இழுத்து வைத்திருந்தார். குரல் பெரிசு, மனசும் பெரிசு. சாயந்தர ஜெப நேரம் தவிர எப்ப வேண்டுமானாலும் வந்து பேசிக்கொள் என்று பாஸ்வேர்டு கொடுத்தார். இதில் நிற்கவே நிற்காது, இது காற்றில் வருவதில்லை, ஒயரில் வருவது என்றார். காவேரி அக்கா எஸ்தர் அக்காவின் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பேசினாள். அன்றைக்கும் நின்றது.

"அப்ப அந்தப் பக்கம் கோளாறு" என்றார் எஸ்தர் அக்கா. "பாலைவனம் இல்ல. மணல் பூந்துக்கும்."

இதற்குள் அக்காவுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. அவளுடைய அம்மா குப்பம்மா அத்தை, மைலாப்பூர்த் தெருக்களில் கூடையில் மீன் விற்கிறவள். வாடிக்கைக்காரிகள் எல்லோரும் பெண்ணுக்கு எப்போது என்று கேட்டுக் கேட்டு, அத்தைக்கு எரிச்சல் மீன் விலையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் கூடையை இறக்கிவைத்த கையோடு ஷேர் ஆட்டோ பிடித்து நேரே நந்தகுமாரின் அம்மா பூங்காவனத்திடம் போய்விட்டாள். நெட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாள்.

பூங்காவனத்தம்மாவுக்குக் காவேரி அக்காவை ரொம்பப் பிடிக்கும். அவள் வாயெல்லாம் பல்லாகி, தானும் மகனிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாளாம். பையன் என்ன சொன்னான் என்று அத்தை கேட்டிருக்கிறாள்.

"கேட்டேன். கேட்டதும் படம் நின்னுபோச்சு. நல்ல காரியம் பேசச்சொல்ல பல்லி கத்துற மாதிரி, சகுனம்னு நெனச்சிக்கினேன்" என்றாளாம் பூங்காவனத்தம்மா.

இரண்டு அம்மாக்களும் அங்கேயே நாள் குறித்துவிட்டார்கள். நந்தகுமாருக்குச் செய்தி அனுப்பினார்கள். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அதாவது படித்துவிட்டார். பதில் வரவில்லை என்றாலும், படித்ததே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஊர்த் தலைவர் எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்பார். மாப்பிள்ளை வாயால் பதில் சொல்ல வேண்டும். எப்போதோ ஒருத்தரைக் குடிக்கவைத்துக் கூட்டிவந்து, அக்காவைக் காட்டித் தங்கையை முடித்துவிட்டார்களாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. தலையாட்டினால் செல்லாது. கடல் காற்றில் எல்லார் தலையும்தான் ஆடும் என்பார் தலைவர் கருணாகரன். பெரிய மீசை, சின்னக் குரல், ஒரு கேள்வி கேட்டால் அடுத்த கேள்விக்கு மூச்சு வாங்காத வேகம்.

மாப்பிள்ளை ஊரில் இல்லையே என்று அவரிடம் சொன்னார்கள். வாய் வந்தால் போதும், உடம்பு அப்புறம் வரட்டும் என்று அவர் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை என்று வைத்தார்கள். நந்தகுமாருக்கு அன்று லீவு. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் ப்ளாக்குக்கும் பக்கத்து ப்ளாக்குக்கும் நடுவே ஷாமியானா போட்டு நாற்காலி அடுக்கியாகிவிட்டது. எஸ்தர் அக்காவின் பெரிய டிவியைப் பக்கிரி மாமாவும் இன்னும் இரண்டு பேரும் மூன்று மாடி இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதை எஸ்தர் அக்காவின் பழைய லேப்டாப்போடு இணைத்து, லேப்டாப்புக்கு என் ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். மூன்றாம் மாடி வைஃபை கீழே வரைக்கும் எட்டவில்லை.

டிவியை எங்கே வைப்பது என்பதில் ஒரு தகராறு. மாப்பிள்ளை கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். கிழக்கே திருப்பினால் வெயில் அடித்துத் திரை கறுப்பாகத் தெரிந்தது. வடக்கே திருப்பினால் பூங்காவனத்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மாப்பிள்ளையைக் கிழக்கே பார்த்து மணையில் வைத்து, அவருக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்து நிழல் கொடுத்தார்கள். பூங்காவனத்தம்மா திரையில் சரியாக அவர் நெற்றி வருகிற இடம் பார்த்துக் குங்குமம் வைத்தாள். அவர் அசைந்ததும் அது மூக்குக்குப் போயிற்று.

காவேரி அக்கா டிவிக்கு எதிரே, கடையில் தள்ளுபடியில் எடுத்த மாம்பழ மஞ்சள் பட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் லேப்டாப்புக்குப் பக்கத்தில், அதன் மறைவில். வந்திருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு ஃபோனில் அதையே படம்பிடித்து யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது கொஞ்சம் கவலையாக இருந்தது.

கருணாகரன் தொண்டையைச் செருமினார்.

"நீ பூங்காவனத்தம்மா மவன் நந்தகுமார்தானே?"

டிவியில் நந்தகுமார் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் காத்திருக்கிற ஆள் இல்லை.

"யாராவது கட்டாயப்படுத்தி உன்னைக் குந்த வெச்சிக் கீறாங்களா?"

"ஆமாம்" என்றார் நந்தகுமார், தெளிவாக.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தலைவர் கேட்ட வேகத்திலேயே மூன்றாவதையும் கேட்டுவிட்டார். "பக்கிரி பொண்ணு காவேரியக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

"இல்லீங்க" என்றார் நந்தகுமார்.

அதற்கப்புறம் ஒரே கூச்சல். பக்கிரி மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மணை மேல் இருப்பது டிவி என்பதால், பக்கத்தில் நின்ற பூங்காவனத்தம்மாவின் தம்பி சட்டையைப் பிடித்தார். யார் என் பிள்ளையைக் கட்டாயப்படுத்தியது, பேர் சொல்லு என்று பூங்காவனத்தம்மா டிவியைக் கேட்டாள். எங்கள் வீட்டுப் பெண் என்ன குறை என்று குப்பம்மா அத்தை பூங்காவனத்தம்மாவைக் கேட்டாள். போர்வை பிடித்தவர்கள் போர்வையை விட்டுவிட்டார்கள். வெயிலில் மாப்பிள்ளை மறைந்துபோனார். காவேரி அக்கா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். முகத்தில் பவுடர் தனியாகத் தெரிந்தது.

நான் பக்கத்திலிருந்ததால் ஒன்று கவனித்திருந்தேன். தலைவர் இரண்டாவது கேள்வியை ஆரம்பித்த பிறகுதான் அங்கே நந்தகுமார் காதைச் சாய்த்தார். நான் எஸ்தர் அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியின்மேல் ஏறிவிட்டார்.

"எல்லாம் கொஞ்சம் வாய மூடுங்க. நெட்டு லேட்டா வருதாம். மொத கேள்விக்கு அவன் சொன்ன ஆமாம், ரெண்டாவதுக்கு வந்து உழுந்துச்சாம். ரெண்டாவதுக்குச் சொன்ன இல்ல, மூணாவதுக்கு வந்து உழுந்துச்சாம். தமிழு சொல்லுது."

எல்லோரும் அதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். நந்தகுமாரா என்றதற்கு ஆமாம். கட்டாயமா என்றதற்கு இல்லை. சரியாக வந்தது. கரையிலிருந்து கூப்பிட்டால் படகில் இருப்பவனுக்கு அப்புறம்தான் கேட்கும், அது மாதிரி என்று தலைவர் விளக்கம் வேறு சொன்னார். பக்கிரி மாமா, பிடித்த சட்டையை நீவிவிட்டுக் காலரையும் சரிசெய்து கொடுத்தார். சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். கலியாணம் ஆகிப் பத்து வருஷத்துக்கு அப்புறம் கேட்டிருந்தால் அந்தப் பதில்தான் சரி என்று யாரோ ஓர் ஆள் சொல்ல, அவர் பெண்டாட்டி அவரைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் சிரிப்பு.

காவேரி அக்கா என் பக்கம் குனிந்தாள். "மூணாவதுக்கு இன்னா சொன்னான், கேட்டியா?"

நான் கேட்கவில்லை. சண்டைச் சத்தத்தில் யாருமே கேட்கவில்லை.

திரும்ப முதலிலிருந்து கேட்க வேண்டும், ஆனால் இந்த நெட்டில் வேண்டாம் என்றார் தலைவர். அப்போதுதான் கேபிள்காரர் ஜைத் ஞாபகம் வந்தது. எஸ்தர் அக்காவுக்கு ஃபைபர் இழுத்தவர். மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவரும் வடை போடுகிற இடத்தில் மரியாதையாக நின்றிருந்தார். வாயில் வடையோடு பைக்குக்குப் போய் ஒரு நீல ஒயர்ச் சுருளை எடுத்துவந்து, மூன்றாம் மாடி ஏறினார். எஸ்தர் அக்கா வீட்டு மோடத்தில் ஒரு முனையைச் சொருகி, மறுமுனையை ஜன்னல் வழியாக விட்டார். இரண்டாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையில் அது சிக்கியது. முதல் மாடிக்காரர் ஒரு கழியால் எடுத்துவிட்டார். கீழே பக்கிரி மாமா கையை நீட்டி, வலைக்கயிறு வாங்குகிற மாதிரி சுருட்டிச் சுருட்டி வாங்கி, என்னிடம் கொடுத்தார். லேப்டாப்பில் சொருகினேன்.

அவ்வளவு நல்ல நெட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. நந்தகுமார் சட்டைப் பொத்தானில் இருந்த நூல் தெரிந்தது. பின்னால் இரண்டு அடுக்குக் கட்டில், அதில் தொங்கிய லுங்கி, சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாம் தெரிந்தன. பூங்காவனத்தம்மா, சாப்பிட்டியா கண்ணு என்றாள். சாப்பிட்டேம்மா என்று உடனே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கேட்டதும் வருகிறதா என்று சரிபார்க்க, தலைவர் அங்கே மணி என்ன என்று கேட்டார். அதற்கும் டக்கென்று சொன்னார். இங்கே பத்தரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

பக்கிரி மாமா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"நீ பூங்காவனத்தம்மா மவன் நந்தகுமார்தானே?"

"ஆமாங்க."

"யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"இல்லீங்க."

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, இந்தத் தடவை நிதானமாகக் கேட்டார். "பக்கிரி பொண்ணு காவேரியக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

நந்தகுமார் நின்றுவிட்டார்.

வாய் பாதி திறந்திருந்தது. கண் ஓரமாக எங்கேயோ பார்த்தது. ஷாமியானா முழுக்க ஒரே நேரத்தில் ஐயோ என்றது. ஒயரை ஆட்டிப் பார் என்றார்கள். ஆட்டினேன். அணைத்துப் போடச் சொன்னார்கள். அதற்குள் பக்கிரி மாமா மேலே பார்த்து எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டார். அவர் வடைத் தட்டோடு ஏற்கெனவே மாடிக்குப் போயிருந்தார். ஜன்னலில் தலையை நீட்டி, மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். தலைவர் கேள்வியை இன்னொரு தடவை கேட்டார், கொஞ்சம் சத்தமாக. ஒன்றும் வரவில்லை.

"நல்ல காரியம் பேசச்சொல்ல நிக்கும். எப்பவும் நிக்கும்" என்றாள் பூங்காவனத்தம்மா. "நின்னா சரின்னு வெச்சிக்கலாம்."

வாயால் சொல்ல வேண்டும் என்றார் தலைவர்.

அப்போது டிவியில், நந்தகுமாருக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. இடுப்பில் துண்டு கட்டிய ஓர் ஆள், வாயில் பிரஷ்ஷும் கையில் பக்கெட்டுமாக உள்ளே வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பக்கெட்டில் தண்ணீர் தளும்பித் தரையில் சொட்டியது. லுங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வடைச் சட்டி கொதிப்பது கேட்டது.

பக்கிரி மாமா தட்டோடு டிவியின் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். "இன்னா நெட்டு இது? பின்னால போறவன் நடக்கிறான். இவன் மட்டும் நின்னுக்கினு கீறான்."

"அது வேற லைனா இருக்கும்" என்றாள் பூங்காவனத்தம்மா.

பக்கெட்காரர் அங்கே நந்தகுமாருக்கு முன்னால் இருந்த திரையைக் கவனித்துவிட்டார். இவ்வளவு பேரைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்து, பிரஷ்ஷோடு வணக்கம் வைத்தார். எங்கள் பக்கத்திலும் பழக்கதோஷத்தில் சிலர் வணக்கம் வைத்தார்கள். பிறகு அவர் நந்தகுமாரைப் பார்த்தார். குனிந்து முகத்துக்கு நேரே பார்த்தார். கண்ணுக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். நந்தகுமாரின் இமை ஒருமுறை துடித்தது. அவ்வளவுதான். மனுஷன் அசையவில்லை. பக்கெட்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவு ஆடி ஆடிச் சாத்திக்கொண்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எதையாவது சொல்லி நான் காப்பாற்ற வேண்டும் என்கிற மாதிரி எல்லோரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நெட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. ஆளை மட்டும் நிறுத்துகிற ஏதாவது ஒரு கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், நம்பியிருப்பார்கள். குப்பம்மா அத்தை கண்ணாலேயே கெஞ்சினாள்.

காவேரி அக்கா என் பக்கம் திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தமிழு, நெட்டு எப்படிக் கீது?"

"நல்லா கீதுக்கா" என்றேன். அது பின்வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது. "ஃபுல்லா கீது."

அதைக் கேட்டும் நந்தகுமார் அசையவில்லை. வாயைப் பாதி திறந்தபடியே, அத்தனை பேருக்கும் முன்னால், எல்லோரும் கலைந்து போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தார். பூங்காவனத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் கருணாகரன் மணி பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கிரி மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

காவேரி அக்கா எழுந்தாள். மடிப்புக் கலையாத மஞ்சள் புடவையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கீழே கிடந்த நீல ஒயரை மிதித்துவிடாமல் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே எல்லோரும் ஒதுங்கி விட்ட வழியில் நடந்து போய்விட்டாள்.